பெகாயிமுக்கு மச்சான் போர்த்திய சாப்பன்

மரியாதைக்குரிய துர்துபெக் மச்சானுக்கு, பாத்கெனிலிருந்து உங்கள் தங்கை புருஷன் சபராலி சலாம் சொல்லி எழுதுவது. நீங்களும் உங்கள் ஆட்டு மந்தையும் சுகமாக இருக்க வேண்டும். என் இரத்தக் கொதிப்பைத் தவிர இங்கே எல்லாம் சுகம். அந்தக் கொதிப்புக்குக் காரணம் நீங்கள்.

நான் ஆப்ரிகாட் வியாபாரி. எனக்குச் சங்கீதம் தெரியாது, சரக்கு தெரியும். மூடிப்போன கலாசார மன்றத்தில் பழம் காயவைக்கப் பலகை வாங்கப் போன இடத்தில், இதையும் தூக்கிக்கொண்டு போனால்தான் பலகை என்று அந்தப் பியானோவை என் தலையில் கட்டினார்கள். விறகாகட்டும் என்று கொண்டுவந்தேன். என் நாலு வயசு மகள் பெகாயிம் ஸ்டூலில் ஏறி, முந்தின நாள் கல்யாணத்தில் கேட்ட பாட்டை இரண்டு கையாலும் அப்படியே வாசித்தாள். கோடாரியைக் கீழே வைத்துவிட்டேன். அப்புறம் எந்த விருந்தானாலும் என் லாரியில் மூட்டைகளுக்கு நடுவே பியானோ, பக்கத்தில் பிள்ளை. ஒரு சுன்னத்து வீட்டில் இவள் வாசித்ததும் படுத்திருந்த பையனே அழுகையை நிறுத்திவிட்டான்! ஒன்பது வயசில் தலைநகர் பிஷ்கெக்கின் இசைப் பள்ளியிலிருந்து அழைப்பு. நடுவர்கள் முன்னால் ஒரு தரம் வாசிக்கட்டும், பிடித்திருந்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். ஒரே ஒரு தரம், மச்சான்! அதற்காகக் குதிரைப் பந்தயம் மாதிரி விரல் பறக்கிற உருப்படியை வருஷம் பூராவும் பழகியிருந்தாள்.

"சும்மா ஓரமா உக்காருங்க" என்று சொல்லித்தானே உங்களைக் கூட்டிப்போனேன்? அவள் வாசிக்க உட்காருகிற சமயம் பார்த்து மேடையேறி, "எங்க வீட்டுப் பொண்ணு வெறும் கவுனோட வாசிக்கிறதாவது!" என்று, உங்கள் தொப்பைக்குத் தைத்த பஞ்சு சாப்பனை அவள் தோளில் போர்த்தி, கைகளையும் அதன் நீளச் சட்டைக் கைக்குள் நுழைத்துவிட்டீர்கள். போர்த்தியவர் கண்ணெதிரே அந்த அங்கியைக் கழற்றினால் அவருக்கு அவமானம் என்று அவளுக்கும் தெரியும். அதுதான் வினையாச்சு.

"மாமா, கை வெளியே வரலையே!"

"கௌரவம்னா கொஞ்சம் கனமாத்தான் இருக்கும், செல்லம்."

"அப்ப நீங்க கொஞ்ச நேரம் வெளியே போயிட்டு வாங்களேன்."

"நான் ஏன் போகணும்? முதல் வரிசையில உக்காந்து கேக்கப்போறேன்!"

பிள்ளை என்னதான் செய்யும்? சாப்பன் கையை மடிச்சா சரியுது, உதறினா இறங்குது. கடைசியில பறக்கிற உருப்படியை விட்டுட்டு, அவளைத் தூங்கவைக்க நான் தப்பும் தவறுமாப் பாடுற தாலாட்டை, துணிக்குள்ளேருந்து ஒவ்வொரு கட்டையாத் தடவித் தடவி வாசிச்சா. நடுவரம்மா கண்ணாடியைக் கழட்டிட்டுக் குனிஞ்சுக்கிட்டாங்க. வேற எதுக்கு, சிரிப்பை மறைக்கத்தான்! நீங்க மட்டும் எழுந்து நின்னு கை தட்டினீங்க. திரும்பி வர்ற வழி பூரா அவ வாயைத் திறக்கலை, நீங்க வாயை மூடலை.

ஆகவே உங்கள் கௌரவத்தை மூட்டையாகக் கட்டிக் காலை வண்டியில் அனுப்பிவிட்டேன். பியானோமேல் இனி ஆப்ரிகாட் காயும்.

பெரியவர்களுக்கு சலாம், குழந்தைகளுக்கு முத்தம். உங்கள் மந்தை பெருகட்டும். அதை மேய்த்துக்கொண்டு நீங்கள் அங்கேயே இருங்கள்.

கோபம் தணியாத,
சபராலி

பி.கு.: உறையை ஒட்டும்போது பிஷ்கெக்கிலிருந்து போன். நடுவரம்மாதான். அன்னைக்கு அவங்க சிரிக்கலையாம், அழுதாங்களாம். "வேகமா வாசிக்கிற பிள்ளைங்க நிறைய வருது, இப்படி வாசிக்க ஒருத்திகூட வரலை"ன்னு சேர்த்துக்கிட்டாங்க. பள்ளி விழாவுல மறுபடி அந்தத் தாலாட்டுதான் வேணுமாம். பெகாயிமோ, மாமா சாப்பன் இல்லாம பியானோவைத் தொடமாட்டேங்கிறா. மச்சான், மூட்டையை அவிழ்க்காம நீங்களே எடுத்துட்டு வந்து போர்த்துங்க. முதல் வரிசையிலேயே உக்காருங்க. நானே வெளியே போகச் சொன்னாலும் எழுந்திருக்காதீங்க.