ஐயாசாமியின் ஏழு நாள் சாப்பாட்டுப் புத்தகம்

ஏழு நாளைக்குப் பொய் சொல்வதென்று ஐயாசாமி முடிவெடுத்தார். அதுவும் எழுத்து மூலமாக. கரும்பு விளையும் தீவில், குட்லண்ட்ஸ் ஊர்த் தபால் ஆபீசில் இருபது வருஷமாகக் குமாஸ்தா. அவர் கையெழுத்தில் பொய்கூட சர்க்கார் உத்தரவு மாதிரித்தான் தெரியும்.

விஷயம் இதுதான். தீவில் யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று சர்க்கார் ஆராய்ச்சி நடத்தியது. நர்ஸ் பிரிஜித் வீடு வீடாக வந்து புத்தகம் கொடுத்தாள். ஒரு வாரம், வாயில் போடுவதையெல்லாம் எழுத வேண்டும். மடியில் கனமில்லாதவன் எழுதிவிட்டுப் போவான். ஐயாசாமிக்கோ வீட்டில் மனைவி பூங்காவனம் இருந்தாள்.

எடையைக் குறைக்கச் சொல்லி டாக்டர் எச்சரித்த நாளிலிருந்து அவள் அரைத் தட்டுச் சோறுதான் வைத்தாள். மீதி அரைத் தட்டை அவர் ஆபீசுக்கு எதிரே டானியேல் கடையில் நிரப்பிக்கொண்டார். அங்கே மிளகாய் வடை, ஊர்க்காரர்கள் பாஷையில் காத்தோ பிமா, அமிர்தமாக இருக்கும். காலையில் ரொட்டிக்குள் வைத்து ஆறு. மத்தியானம் ஆறு. சாயங்காலம், வீடுவரை நடக்கத் தெம்பு வேண்டாமா, இன்னும் இரண்டு.

புத்தகத்திலோ ஒரு துண்டு ரொட்டி, கொஞ்சம் சோறு, கீரை. தினமும் சாயங்காலம் பூங்காவனம் அதை வாங்கிப் படித்தாள்.

"சர்க்கரை இல்லாத டீயா?"

"ஆமா."

"சுத்தி நாலு பக்கமும் கரும்பு. இந்த ஊர்ல சர்க்கரை வேண்டாம்னு சொன்ன முதல் ஆம்பிள நீங்கதான்."

"மனசை அடக்கிட்டேன், பூங்காவனம்."

"வயித்தை?"

அவர் பேனாவை மூடிக்கொண்டு எழுந்து போனார்.

எட்டாம் நாள் பிரிஜித் தராசோடு வந்தாள். ஐயாசாமி இருநூற்றுப் பத்து பவுண்டு. புத்தகத்தைப் புரட்டினாள், எழுதியதையெல்லாம் கூட்டினாள், மறுபடி கூட்டினாள். முகம் மாறியது.

"மிசே ஐயாசாமி, இவ்வளவு கொஞ்சமாச் சாப்பிட்டா பத்து வயசுப் பிள்ளைக்கே பத்தாது. ஒண்ணு, புத்தகம் தப்பு. இல்ல, உங்க உடம்புல பெரிய கோளாறு. புத்தகம் சரியா?"

"சரி... சரிதான்."

"அப்போ நாளைக்கே ஆஸ்பத்திரி. பத்து நாள் படுக்கை. கஞ்சி. தினம் ரத்தம் எடுப்பாங்க."

ஐயாசாமிக்கு வேர்த்தது. ஆமாம், ஒன்றுமே சாப்பிடாமல் இப்படி வீங்கினால் நோயில்லாமல் என்ன? தான் எழுதிய பொய்யை ஒரு நிமிஷம் அவரே நம்பிவிட்டார். அப்புறம்தான் புத்தி வந்தது.

"மத்மசெல்! நர்ஸம்மா! பொய்! எல்லாம் பொய்! ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வடை!"

"பதினாலு," என்றாள் பூங்காவனம் அடுப்படியிலிருந்து.

பிரிஜித் பையிலிருந்து இன்னொரு புத்தகத்தை எடுத்தாள். பூங்காவனத்தின் கோணல் எழுத்து. ஏழு நாள், வேளைவாரியாக, வடைவாரியாக.

"பாதிப்பேர் குறைச்சுத்தான் எழுதுவாங்க, மிசே. அதனால சில வீட்டுல ரெண்டு புத்தகம் குடுப்போம்."

"உனக்கெப்படித் தெரியும்?" என்று மனைவியைக் கேட்டார்.

"டானியேல் கடைக்கு வடை போடறதே நான்தான். ஒரு வருஷமாச்சு. கூடை திரும்பி வரும்போது எத்தனை உங்க வயித்துக்குள்ள போச்சுன்னு டானியேலே சொல்லிடுவாரு. வடைக்கேத்த எடை."

ஐயாசாமிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நோயில்லை! ஆஸ்பத்திரி இல்லை, ஊசி இல்லை, கஞ்சி இல்லை! ஒரு வருஷம் திருட்டுத்தனமாகத் தின்றதும் வீட்டுச் சமையல்தானாம். நெஞ்சிலிருந்து மூட்டை இறங்கினாற்போல இருந்தது. பிரிஜித்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பூங்காவனத்தைப் பார்த்துச் சிரித்துக்கூட விட்டார்.

"இனிமே டானியேல் கடைப் பக்கமே போக மாட்டேன். சத்தியம்."

சத்தியத்தை அவர் மீறவே இல்லை. மறுநாள் காலை, நிம்மதியாகப் பெருமூச்சு விட்டுக்கொண்டு, இரண்டு தெரு சுற்றி, பஸ் நிற்கிற இடத்தில் இருந்த ஜான்-போல் கடையில் போய் உட்கார்ந்தார்.

"ஆறு வடை, ரொட்டிக்குள்ள."

ஜான்-போல் தட்டை வைத்தான். இரண்டே இரண்டு.

"உங்களுக்கு இவ்வளவுதான், மிசே. இங்கயும் வடை போட்டுக் குடுக்கிற அம்மா கண்டிப்பாச் சொல்லியிருக்காங்க."