நான் நிமிர்த்திக் கட்டிய செம்பூர் மரம்

கண்ணெதிரே எது தொங்கினாலும் தூக்கிக் கட்டாவிட்டால் சிலருக்குக் கை அரிக்கும். எனக்கு இரண்டு கையும் அரிக்கும்.

நான் பந்தல் போடுகிறவன். ஒருநாள் மும்பை தாராவியில் இருந்து செம்பூருக்கு, ஒரு நிச்சயதார்த்த வீட்டுக்கு, நானும் கூட வேலை பார்க்கும் செல்வமும் டெம்போவில் வாழைமரங்களுக்கு நடுவே உட்கார்ந்து போனோம். (சிக்னலில் ஒரு மாடு எங்கள் வாழை இலையைத் தின்றது. அந்த மாட்டைக் கட்டிவைத்து, போகிறவர் வருகிறவரிடம் புண்ணியத்துக்குப் புல் போடக் காசு வாங்குகிற பெண்மணி, அதற்கும் எங்களிடமே காசு கேட்டாள். அது தனிக்கதை.)

அந்த வீட்டு வாசலில் பெரிய தொட்டியில் ஓர் ஊசியிலை மரம். கிளையெல்லாம் தரையைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. நல்ல காரியம் நடக்கிற வீட்டில் வாடின மரமா?

"அண்ணே, நமக்கெதுக்கு? நம்ம வேல பந்தலு" என்றான் செல்வம்.

"சும்மா கெடல. வாழ எல தொங்குனா தூக்கிக் கெட்டுதோம்லா? அதே வேலதான்."

கிளைகளை மேலே வாரிச் சேர்த்து, கீழிருந்து உச்சிவரை கயிற்றால் இறுக்கினேன். பட் பட்டென்று சத்தம் கேட்டது. (காய்ந்த கிளை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.) சீரியல் பல்பும் சுற்றிவிட்டு, தூர நின்று பார்த்துப் பூரித்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். முதலில் இறங்கிய அத்தைக்காரி நின்றுவிட்டாள்.

"ஐயோ ராமா, வாசல்ல யாரு இவ்ளோ பெரிய தொடப்பத்த நிறுத்தி வெச்சிருக்கா? அதுக்கு லைட் வேற!"

எல்லோரும் சிரித்தார்கள். வெளியே வந்த மணப்பெண் சிரிக்கவில்லை. கையளவு கன்றாக வாங்கி, வெயிலுக்குப் பச்சை வலை கட்டி, நடுத்தண்டை மட்டும் குச்சியில் கட்டி ஏற்றி, கிளைகளைத் தானாக விழவிட்டு அவளே வளர்த்த மரமாம். அதன் முன்னால் நின்று மோதிரம் மாற்ற வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

மருதாணிக் கையாலேயே முடிச்சுகளை அவிழ்த்தாள். ஒரு பக்கக் கிளைகள் பழையபடி விழுந்தன. மறுபக்கத்துக் கிளைகள் கையோடு வந்துவிட்டன.

"இது வாடலை அண்ணா. வீப்பிங் சைப்ரஸ். இதோட ஜாதியே இப்படித்தான்."

திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். மரத்தின் நல்ல பக்கமாக நின்று மோதிரம் மாற்றினார்கள். நான் பந்தல் துணிக்குப் பின்னால் நின்றேன். சாப்பிடக் கூப்பிட்டும் போகவில்லை. செல்வம் எனக்கும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு, என் வீட்டில் போய்க் கதையையும் சொல்லிவிட்டான்.

இன்றைக்கும் என் மகன் ஆபீஸ் கவலையில் தலையைத் தொங்கப் போட்டால் என் பெண்டாட்டி அடுப்படியில் இருந்து கத்துவாள்: "ஏல, நிமிந்து உக்காரு! ஒங்க அப்பா கயித்த எடுத்துட்டு வந்துருவாரு!"

நானும் சிரிக்கத்தான் செய்கிறேன். செம்பூர்ப் பக்கம் வேலை வந்தால் மட்டும் செல்வத்தை அனுப்பிவிடுகிறேன்.