மாப்பிள்ளையின் பாட்டில் நலம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் ஆசிகளோடு எழுதுவது. இங்கே உங்கள் பாட்டில் நலம். நானும் உங்கள் அத்தையும்கூட நலம். போனில் நீங்கள் இந்த வரிசையில்தான் விசாரிக்கிறீர்கள் என்பதால் அப்படியே எழுதிவிட்டேன்.

உங்களைவிட வயதில் மூத்த அந்த வைனை, நீங்கள் ஊருக்குப் போய்த் திரும்பும்வரை என்னிடம் ஒப்படைத்தீர்கள். கல்யாணமான நாளிலிருந்து என்னை நம்பி நீங்கள் கொடுத்த முதல் பொருள் அது. "குடிக்கிறதுக்கு இல்ல மாமா, நல்ல விலைக்குக் கேட்டிருக்காங்க, அதுவரைக்கும் வச்சிருக்கிறதுக்கு. வெளிச்சம், சூடு, குலுக்கல் மூணும் ஆகாது. துணியைப் பிரிக்கவே கூடாது" என்றீர்கள். மியூசியக் காவலாளியாகவே காலம் தள்ளியவனுக்கு இதைச் சொல்லவும் வேண்டுமா?

ஏசி எங்கள் படுக்கையறையில் மட்டும்தான். ஆகவே கறுப்புத் துணியோடு பாட்டில் கட்டிலில் படுத்திருக்கிறது, நாங்கள் கூடத்தில் தரையில். ஜன்னலுக்குப் போர்வை கட்டியாயிற்று, மிக்சிக்கும் வாஷிங் மெஷினுக்கும் தடை, உங்கள் அத்தை துணிகளைக் கையால் துவைக்கிறாள், துவைக்கிற சத்தத்தில் என் பெயர் கேட்கிறது. அறையிலிருந்த இரும்பு பீரோவின் கதவு கிரீச்சென்று அதிரும், அதையும் வெளியேற்றினேன். "அந்த பீரோவை மட்டும் தொடாதீங்க, சொன்னா கேளுங்க" என்று கையைப் பிடித்துக் கெஞ்சினாள். புடவைப் பாசம் என்று நினைத்துக்கொண்டேன். எதிர்வீட்டு டிரைவரும் மாடிவீட்டுத் தையல்காரரும் ஒரு கை பிடித்தார்கள், நிலைப்படியில் நழுவி டமாரென்று சாய்ந்தது, நான் ஓடிப்போய்ப் பார்த்தேன், கட்டிலில் பாட்டில் இம்மியும் அசையவில்லை. பீரோவின் கதவுப்பக்கத்தைப் பால்கனிச் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டேன். நாள் முழுக்க வெயிலில் காய்கிறது, அடியில் துருகூடச் சிவப்பாக இறங்கியிருக்கிறது. இரும்புதானே, அதற்கென்ன கேடு.

விஷயம் பரவி, பார்க்க ஆள் வரத் தொடங்கிவிட்டது. காலைக்காட்சி, மாலைக்காட்சி என்று நேரம் குறித்தேன், அறைக்குள் கயிறு கட்டினேன், பழைய யூனிஃபார்ம் சட்டையை மாட்டிக்கொண்டேன். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்த தையல்காரர், "துணிதானே சார் தெரியுது?" என்றார். "சும்மா இருங்க, பழைய பொருள்னா அப்படித்தான்" என்று டிரைவர் அதட்டினார். எதிரே வந்தாலும் என்னைக் கண்டுகொள்ளாத குடியிருப்புச் செயலாளர்கூட, "உள்ள வரலாமா சார்?" என்று கேட்டார். ரிடையர் ஆனபின் இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை, மாப்பிள்ளை.

ஞாயிற்றுக்கிழமை பாட்டிலை வாங்குகிறவரை அழைத்து வரும்போது இருவரும் சற்று மெதுவாக நடந்து வரவும். உங்களுக்கும் என் மகளுக்கும் எல்லா நலமும் பெருகட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நம்பிக்கைக்குரிய மாமா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குமுன் இதை அத்தையிடம் படித்துக் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டு உண்மையைச் சொல்லிவிட்டாள். நீங்கள் எனக்குத் துணி சுற்றிக் கொடுத்தது பினாயிலாம். "மாமா கையில கிடைச்சா ஊரையே கூட்டிக் காட்டுவாரு. அசலை நீங்க வச்சுக்கோங்க அத்தை, அவருக்குத் தெரிய வேண்டாம்" என்றீர்களாம். உங்கள் கணிப்பு சரிதான், கோபமில்லை. அவளும் வாக்குத் தவறாமல் இதுவரை வாயைத் திறக்கவில்லை, அசலைப் புடவைகளுக்கு நடுவே பீரோவில் பத்திரமாக வைத்திருந்தாளாம். இப்போதுதான் பால்கனிக்குப் போய் பீரோவைத் தொட்டேன், கை சுட்டது. குனிந்து முகர்ந்தேன், அது துரு இல்லை. பினாயில் மட்டும் சிறு கீறலும் இல்லாமல் ஜில்லென்று இருக்கிறது. அவசியம் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் மாலைக்காட்சி முடிந்தபிறகு வாருங்கள்.