புட்டுக் கடையும் நடுவர் ஜனார்த்தனும்

ஆக்லாந்தில் வாழும் தமிழ்க் குடும்பம் தன் பிள்ளையை ஏதாவதொரு விளையாட்டில் சேர்த்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனாலும் சேர்த்துவிடுகிறோம். கிரிக்கெட்டில் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் இருக்கிறது. நெட்பாலில் கூட்டம் அதிகம். ஆகவே சில வருஷமாக நம்மவர்களுக்கு லக்ராஸ் மோகம் பிடித்திருக்கிறது. நீளக் கம்பின் முனையில் ஒரு சின்ன வலை. அதில் பந்தை ஏந்தி ஓடி எதிரணியின் கோலுக்குள் எறிய வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகள் இதைக் கண்டால் மயங்கிவிடும் என்று கோவில் அன்னதான வரிசையில் யாரோ சொல்லிவிட்டார். யார் என்று இன்றுவரை தெரியவில்லை.

ஜனார்த்தனும் மகள் வைஷாலியைச் சேர்த்தார். இரண்டாவது வாரமே அவள் "போரிங் அப்பா" என்று கம்பைக் கார் டிக்கியில் போட்டுவிட்டு விலகிவிட்டாள். ஜனார்த்தனால் விலக முடியவில்லை. அதற்குள் விதிப்புத்தகம் கைக்கு வந்துவிட்டது. நூற்றுப் பன்னிரண்டு பக்கம், நான்கு பின்னிணைப்பு. அதைப் பாதியில் மூடிவைக்க மனம் வராமல் நடுவராகப் பெயர் கொடுத்துவிட்டார்.

வார நாட்களில் அவர், உணவகம் திறக்க அனுமதி கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் அதிகாரி. அலுவலகத்தின் பெயர் நமக்கு வேண்டாம். அங்கே எந்த விண்ணப்பத்தையும் இருபது வேலை நாளுக்குள் முடித்தாக வேண்டும். முடியாது போலிருந்தால் விண்ணப்பதாரரிடம் ஒரு கேள்வி கேட்டுக் கடிதம் அனுப்பலாம். கடிதம் போனதும் நாள் கணக்கு நின்றுவிடும். பதில் வந்தால்தான் மறுபடி ஓடும். பத்தொன்பதாம் நாள் மாலை கடிதம் அனுப்புவதில் ஜனார்த்தனுக்கு நிகர் அந்தக் கட்டடத்திலேயே இல்லை. எட்டு வருஷத்தில் ஒரு கோப்பும் கெடு தாண்டியதில்லை என்று பாராட்டுப் பத்திரம் கொடுத்திருக்கிறார்கள். அதைச் சுவரில் மாட்டியிருக்கிறார். பார்த்தால் கொஞ்சம் கூச்சமாக இருப்பதால் நாற்காலியை மறுபக்கம் திருப்பிப் போட்டிருக்கிறார்.

அப்போது அவர் மேசையில் ஒரு கோப்பு பதினொரு மாதமாகக் கிடந்தது. சான்ட்ரிங்ஹாம் மெயின் ரோட்டில் புட்டுக் கடை திறக்க ஒருவர் கேட்டிருந்தார். கடை எடுத்து, அடுப்பு பூட்டி, பெயர்ப்பலகையும் மாட்டிவிட்டுக் காத்திருந்தார் அந்த மனிதர். ஜனார்த்தன் ஆறு கடிதம் அனுப்பிவிட்டார். ஆறாவது கடிதத்தின் கேள்வி: மேற்படி புட்டு சமைக்கப்படுவதா, அவிக்கப்படுவதா? புட்டு என்றால் என்ன என்று ஜனார்த்தனுக்குத் தெரியும். வாரம் இரண்டு முறை சாப்பிடுகிறவர். ஆனால் கோப்புக்குத் தெரியாதே.

நடுவர்களுக்குத் தலைவி சவிதா. ஃபிஜிக்காரர்; ஒடாஹுஹுவில் டயர் கடை வைத்திருக்கிறார். பயிற்சியில் அவர் ஒரு கேள்வி கொடுத்தார். முன்னிலையில் இருக்கும் அணி பந்தை வைத்துக்கொண்டு கோல் பக்கமே போகாமல் நேரத்தைக் கடத்துகிறது. எதிரணியும் பந்தைப் பிடுங்க வரவில்லை. இழுத்தடிப்பது யார்? மற்றவர்கள் "பந்து வைத்திருப்பவர்கள்" என்று இரண்டு சொல்லில் முடித்தார்கள். ஜனார்த்தன் ஒன்றரைப் பக்கம் எழுதி, மேலும் தகவல் தேவை என்று முடித்தார். விதிப்புத்தகத்தில் நூறு பக்கத்துக்கு மேல் படித்த ஒரே ஆள் என்பதால் சவிதா அவருக்கே இறுதி ஆட்டத்தைக் கொடுத்தார்.

ஜூலை மாதச் சனிக்கிழமை காலை, ஹில்ஸ்பரோவில் மழைத்தூறலில் ஆட்டம். இன்னும் நான்கு நிமிடம். நீல அணி ஐந்து கோல், மஞ்சள் அணி நான்கு. நீல அணிப் பிள்ளைகள் பந்தைத் தங்களுக்குள் மாற்றி மாற்றி எறிந்துகொண்டு கோட்டோரம் நின்றார்கள். மஞ்சள் அணி தன் கோலைக் காத்துக்கொண்டு நின்றது. அதே கேள்வி, உயிரோடு.

ஜனார்த்தன் கடிகாரத்தை நிறுத்தி, இரு அணித் தலைவிகளையும் அழைத்தார்.

"கோல் போடும் எண்ணம் உங்களுக்கு இருக்கா?" என்று நீல அணித் தலைவி அஷ்மிதாவிடம் கேட்டார்.

"இருக்கு. எப்பவாவது" என்றாள் அவள்.

அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

"அவங்க ஸ்டாலிங் பண்றாங்க, சார், வேணும்னே இழுத்தடிக்கிறாங்க" என்றாள் மஞ்சள் அணித் தலைவி அபிதா. குளிரில் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

"அது உன்னுடைய கருத்து" என்றார்.

ஆட்டம் தொடங்கியது, அதேதான் நடந்தது. மறுபடி நிறுத்தினார். குறிப்பேட்டில் ஈரம் பட்டதால் மூன்றாம் முறையும் நிறுத்தினார். நான்கு நிமிட ஆட்டத்தில் இருபத்தைந்து நிமிடம் கடந்தும் இன்னும் மூன்று நிமிடம் மிச்சமிருந்தது. சவிதா குடையோடு வந்து ஆங்கிலத்தில் கேட்டார்:

"யார் இழுத்தடிக்கிறது? நீலமா, மஞ்சளா?"

"இன்னும் முடிவாகல, மேடம்."

"எனக்கு முடிவாயிடுச்சு. நீங்கதான்."

அதற்குள் அபிதாவின் தகப்பன் கோட்டருகே வந்துவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், பெயர் செல்வரத்தினம்.

"தம்பி, என்ர பிள்ளை மழையில விறைச்சுப்போய் நிக்கிறாள். அவையள் பந்தை வைச்சுக்கொண்டு சும்மா நிக்கினம் எண்டு எல்லாருக்கும் தெரியுது. உங்களுக்குத் தெரியேல்லையோ?"

"தெரியுதுங்க. ஆனா உறுதிப்படுத்தணும்ல?"

"உறுதிப்படுத்தவோ? என்ர புட்டுக் கடையையும் ஒருத்தன் பதினொரு மாசமா இப்பிடித்தான் உறுதிப்படுத்திக்கொண்டு இருக்கிறான். புட்டு சமைக்கிறதோ அவிக்கிறதோ எண்டு கடிதம் போட்டுக் கேக்கிறான். அவனை ஒருக்கா நேரில காணவேணும்."

ஜனார்த்தன் குறிப்பேட்டை மூடினார். "கண்டா என்ன பண்ணுவீங்க?"

"பிடிச்சு இருத்தி, ஒரு வாய் புட்டுத் தீத்துவன். சாப்பிட்டிட்டுச் சொல்லட்டும்."

ஜனார்த்தனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அடித்திருந்தால்கூட ஒரு புகார்ப் படிவம் இருக்கிறது. ஊட்டிவிடுகிறேன் என்பவரை என்ன செய்வது? விசிலை ஊதி, நீல அணியைப் பார்த்துக் கையை நீட்டினார். இழுத்தடிப்பு. இனிப் பந்து கோலுக்கு முன்னால் உள்ள கட்டத்தைவிட்டு வெளியே போனால் மஞ்சளுக்கு. இருபதாவது வினாடியில் போயிற்று. அபிதா ஓடி ஒரு கோல் போட்டாள். ஐந்துக்கு ஐந்திலேயே ஆட்டம் முடிந்து, கோப்பையைப் பகிர்ந்துகொண்டார்கள். "பரவாயில்லை" என்றார் சவிதா.

திங்கட்கிழமை எட்டேகாலுக்குப் புட்டுக் கடைக் கோப்பைத் திறந்தார் ஜனார்த்தன். எட்டு நாற்பதுக்கு அனுமதி வழங்கிவிட்டார். உடனே செல்வரத்தினத்துக்குப் போன் போட்டார்.

"உங்க புட்டுக் கடைக்கு அனுமதி கொடுத்தாச்சுங்க. அந்தக் கடிதமெல்லாம் போட்ட ஆள் நான்தான். சனிக்கிழமை விசில் ஊதினதும் நான்தான். மன்னிச்சிருங்க."



"நீங்களோ? சரி, போனது போகட்டும் தம்பி. பெரிய உபகாரம்."

"முப்பது நாளுக்குள்ள திறந்தாகணும். இல்லேன்னா அனுமதி காலாவதி. இந்த வாரமே திறந்திடுங்க."

"இந்தக் கிழமையோ? இப்ப ஆடி மாசமெல்லே. ஆடியில ஆர் கடை திறக்கிறது? ஆவணியில முதல் நல்ல நாளை ஐயர் முந்தியே குறிச்சுத் தந்திட்டார். இண்டையில இருந்து அது முப்பத்துநாலாம் நாள்."

முப்பது நாள் கெடு ஜனார்த்தனே எழுதிச் சேர்த்த விதி. அதை எடுத்துச் சொல்லி வாதாடலாம் என்று வாயைத் திறந்தார். ஆனால் தானும் ஹில்ஸ்பரோவில் வீடு வாங்கியபோது, சாவி கைக்கு வந்தும் ஒரு முழு ஆடி மாதம் குடிபோகாமல் பூட்டியே வைத்திருந்தது நினைவுக்கு வந்தது. நான்கு நாள் வித்தியாசத்தில் பதினொரு மாத உழைப்பு வீணாகிவிடும். அந்த மனிதர்மேல் அவருக்கு உண்மையாகவே இரக்கம் வந்தது. இரக்கம் வந்தால் செய்யத் தெரிந்த காரியம் அவரிடம் ஒன்றுதான் இருந்தது.

"ஒண்ணு பண்றேன். இன்னொரு கடிதம் போடுறேன். தேங்காய்ப்பூ புட்டுக்கு மேலயா, நடுவிலயான்னு கேட்டு. கடிதம் போனா கெடு நின்னுடும். நீங்க பதில் மட்டும் போட்டுடாதீங்க, நான் சொல்ற வரைக்கும்."

"ஓம் ஓம், விளங்குது" என்றார் செல்வரத்தினம். "இப்பிடியான ஆபீசர்மார் முந்தியே இருந்திருந்தா, எங்கட சனம் எப்பவோ முன்னேறியிருக்கும்."

ஆவணி வந்தது. கனடாவிலிருந்து மச்சான் வரட்டும் என்றார் செல்வரத்தினம்; எட்டாவது கடிதம் போயிற்று. இன்றைக்கும் கடை பூட்டித்தான் இருக்கிறது. நாம் டவுனுக்குப் பஸ்ஸில் போகும்போது அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்து, ஒரு புட்டுக் கடை திறக்கவிட மாட்டேன் என்கிறார்களே இந்த நாட்டு அதிகாரிகள் என்று திட்டிக்கொண்டே போகிறோம்.