இரண்டு மணி நேர நடை

பத்து மணிக்கு யதிராஜின் சட்டைப்பையில் செல்போன் அலாரம் அதிர்ந்தது. தையல் லைனை விட்டுக் கிளம்பியவரை மேனேஜர் சங்கரநாராயணன் குறுக்கே வந்து மறித்தார்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

ஒரகடத்தில் கார் சீட் தைக்கும் கம்பெனியில் யதிராஜ் சூப்பர்வைசர். சர்க்கரை வியாதி நரம்பைக் கெடுத்துவிட்டதால் சிறுநீர்ப்பை நிறைந்த சேதி அவருக்கு எட்டுவதில்லை. நனைந்த பிறகுதான் தெரியும். "வருதான்னு காத்துகினு இருக்காதீங்க. கடிகாரத்தைப் பாத்துப் போங்க, ரெண்டு மணிக்கொரு தரம்" என்று டாக்டர் மாத்திரையோடு சொல்லி அனுப்பியிருந்தார். விஷயம் வெளியே தெரிந்தால் லைனிலிருந்து தூக்கி ஸ்டோர்ஸில் உட்கார வைத்துவிடுவார்கள்.

"ரவுண்ட்ஸ் சார். லைன் கடைசி வரைக்கும் ஒரு நடை. ரெண்டு மணிக்கொரு தரம்."

லைனின் கடைசியில்தான் ஸ்டாஃப் கழிவறை இருந்தது. ஒன்றே ஒன்று.

மேனேஜர் முகம் மலர்ந்தது. "இதுக்கு ஜப்பான்ல ஒரு பேரே இருக்குய்யா."

"இன்னா பேரு சார்?"

"பெரிய பேரு."

மறுநாள் நோட்டீஸ் போர்டில் ஏறிவிட்டது: 'இரண்டு மணி நேர நடை. தலைமை: மேனேஜர்.' பின்னால் யதிராஜும் நான்கு லைன் லீடர்களும், ஆளுக்கொரு அட்டையும் பேனாவுமாக. ஒவ்வொரு மெஷின் முன்னாலும் மேனேஜர் நின்றார். ஊசியைப் பற்றிப் பேசினார், நூலைப் பற்றிப் பேசினார், உலகச் சந்தையைப் பற்றிப் பேசினார். கடைசியில் கழிவறைச் சுத்தத்தைத் தாமே தனியாக உள்ளே போய்ச் சோதித்தார். அதற்கப்புறம்தான் யதிராஜுக்கு வழி.

இரண்டு வாரம் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பொறுத்தவர் ஒரு யோசனை சொன்னார். "சார், கடைசிலேந்து ஆரம்பிச்சா இன்னா?"

"அபாரம். சுத்தம்தான் முதல்ல" என்று மேனேஜர் உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார். ஐந்து நிமிஷம். ஏழு நிமிஷம். கதவையே பார்த்தபடி நின்ற யதிராஜின் பேண்ட் நனைந்தது.

"இன்னா சார், தண்ணி?" என்றான் லீடர் ஹேமந்த்.

"ஏசி ஒழுவுதுப்பா, மேலேந்து."

வெளியே வந்த மேனேஜர் அண்ணாந்து பார்த்தார். துணியில் தண்ணீர் பட்டால் சீட் வீண். லைனை நிறுத்தினார்கள். ஏணி வந்தது. இரண்டு பேர் கூரைக்குள் தலையை நுழைத்து, ஒழுகாத ஏசியில் நாற்பது நிமிஷம் ஒழுக்கைத் தேடினார்கள்.

கழிவறைக் குழாயடியில் யதிராஜ் பேண்டை அலசிக்கொண்டிருந்தார். துடைப்பத்தோடு கங்கா வந்தாள். அங்கே பெருக்கித் துடைப்பவளுக்கு எதையும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"இன்னியோட சரி கங்கா. மேனேஜர்கிட்ட வியாதியச் சொல்லி இந்த நடைய நிறுத்தச் சொல்லப்போறேன். ஸ்டோர்ஸுக்கு அனுப்பினா அனுப்பட்டும்."

"ஐய, அந்தப் பாவத்த மட்டும் பண்ணிடாதீங்க சார். இந்த ரெண்டு வாரமாத்தான் மேனேஜரு காலைல போட்டாந்த பேண்டோடவே வூட்டுக்குப் போறாரு."