காற்று வேண்டாத வயல்

அன்றைக்கும் காற்று நின்றபாடில்லை. வரம்பில் குந்தியிருந்த சிற்றம்பலம், தென்னை உயரக் கம்பத்தின் உச்சியில் சுற்றிக்கொண்டிருந்த கிண்ணங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். காற்றை அளப்பதற்கென்று கொழும்புக் கம்பனி ஒன்று அவருடைய உருத்திரபுரத்து வயலின் மூலையில் அதை நட்டிருந்தது.

"காத்து நல்லாயிருந்தா இஞ்சதான் ஐயா காத்தாலை வரும்" என்று கம்பனி எஞ்சினியர் சாருஜன் அதை நட்ட அன்றே சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

காற்றாலை வந்தால் வயல் போய்விடும் என்பது சிற்றம்பலத்தின் முடிவு. அரசாங்கம் பெர்மிட்டில் கொடுத்த காணி, திருப்பிக் கேட்டால் மாட்டேன் என்று சொல்ல வழியில்லை. இடம்பெயர்ந்து அலைந்து, திரும்பி வந்து, பற்றைக்காடாய்க் கிடந்ததை வெட்டித் துப்புரவாக்கி விதைத்த நிலம் அது. இன்னொருமுறை மூட்டை கட்ட அவருக்குத் தெம்பில்லை.

காலமெல்லாம் நெல் தூற்றும்போது சீட்டியடித்துக் காற்றைக் கூப்பிட்ட மனிதர், இப்போது வயற்பக்கம் யார் சீட்டியடித்தாலும் ஏசத் தொடங்கினார்.

"காத்துக்குக் காது கேக்குமே?" என்றாள் மனைவி சிவலட்சுமி.

"கேக்காமலோ இவ்வளவு காலமும் வந்தது?"

முதலில், காற்று வரும் பக்கமாக, கம்பத்தை மறைத்து உயரமாய் ஒரு தென்னோலைக் கிடுகு வேலி கட்டினார். முதுகு விட்டுப்போனது. கட்டி முடித்த கையோடு வாடைக்காற்று அதை அப்படியே பிடுங்கிப் பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டில் கூரையில் போட்டது. அந்த நேரம் பார்த்துச் சாருஜன் வந்து இறங்கினான்.

"இவ்வளத்தையும் காத்தே ஐயா தூக்கினது?"

"இல்லைத் தம்பி... மாடு."

"மாடு வேலியைத் தூக்கிக் கூரையில போடுமே?"

அவன் விதவிதமாகப் படம் பிடித்துக் கொழும்புக்கு அனுப்பினான். "உங்கட காணிக்கு நல்ல காலம்!" என்று கையைக் குலுக்கினான். சிற்றம்பலத்துக்கு அழுகை வந்தது.

எட்டாத உயரத்துக்கு எட்டக்கூடியது பட்டம் ஒன்றுதான். பேரப்பிள்ளை கண்ட மனிதர் ஈர்க்கும் பசையுமாகக் குந்தியிருந்து பட்டம் கட்டினார். நைலோன் நூலைக் கிண்ணங்களில் சுற்றவிட்டால் கதை முடிந்துவிடும்.

பட்டம் ஏறியதைக் கண்ட ஊர், பொங்கல் பட்டக் காலம் வந்துவிட்டதென்று நினைத்துக்கொண்டது. ஆளுக்கொரு பட்டத்தோடு வயலுக்குள் இறங்கிவிட்டார்கள். கதிர் வரப்போகிற பயிரெல்லாம் காலுக்குள் மிதிபட்டது.

"காத்தாலை வாறதுக்கு முன்னமே நீங்கள் வயலை முடிச்சுப்போட்டியள்" என்றாள் சிவலட்சுமி.

ஒருவழியாக அவர் விட்ட பட்டம் கம்பத்தைச் சுற்றியது, நூல் இறுகியது, கிண்ணங்கள் நின்றன. கடதாசியை மழை கரைத்துவிட்டது. நூல் மட்டும் யார் கண்ணிலும் படாமல் மேலே கிடந்தது. கம்பத்தில் இருந்து தானாகப் போகிற கணக்கைக் கொழும்பில் இருந்து பார்த்தார்களே தவிர, இங்கே வந்து யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. சிற்றம்பலம் எத்தனையோ நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினார்.

பொங்கல் கழிந்து சாருஜன் ஆட்களோடு வந்தபோது அவன் முகம் தொங்கியிருந்தது.

"குறை நினைக்காதேங்கோ ஐயா. திடீரெண்டு காத்து செத்துப்போச்சு. இஞ்ச காத்தாலை வராது."

"வராதோ? வடிவாப் பாத்தனீங்களோ தம்பி?"

"ஓம் ஐயா. துப்பரவாக் காத்தில்லை."

சிற்றம்பலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "இஞ்சாரப்பா, எல்லாருக்கும் தேத்தண்ணி போடு! சீனி கூடப் போடு!" என்று குசினிப் பக்கம் கத்தினார்.

அவரே குசினிக்குப் போய்த் தேத்தண்ணியோடு திரும்பி வந்தபோது, சாருஜனோடு வந்தவர்கள் வயலின் இந்தத் தலைப்பிலிருந்து அந்தத் தலைப்புக்கு அளவு நாடா இழுத்துக்கொண்டிருந்தார்கள். வாகனத்தடியில் நின்ற சாரதி செல்வநாயகத்திடம் ஒரு கோப்பையை நீட்டினார்.

"ஏன் தம்பி உவை இன்னும் அளக்கினம்? அதுதான் காத்தில்லை எண்டாச்சே?"

செல்வநாயகம் தேத்தண்ணியை ஊதி ஒரு வாய் குடித்தான்.

"அதாலதான் அண்ணை அளக்கினம். காத்தாலை எண்டால் உந்த மூலை மட்டும் போதும், சுத்திவர நீங்கள் விதைச்சிருக்கலாம். இப்ப காத்தில்லை எண்டபடியால் கரண்டுக்குச் சூரியத் தகடு போடப்போகினம், அதுக்கு முழு வயலும் வேணுமாம்."