கடலை மட்டும் பார்த்து வந்தவன்

இந்த வருடம் லெந்து நாட்களில் நான் ஒரு மகத்தான முடிவெடுத்தேன். ஈஸ்டர் வரைக்கும் நாற்பது நாள் கறி இல்லை, மீன் இல்லை, முட்டையும் இல்லை. எங்கள் வீட்டில் இந்த விரதத்தை வருடா வருடம் இருப்பது என் மனைவி எப்சி. நான் வருடா வருடம் அவளைப் பாராட்டுவேன். இந்தத் தடவை சாம்பல் புதன் அன்று பீர்க்கங்காய்க் கூட்டைப் பிசைந்துகொண்டே வாயை விட்டேன்.

"இதெல்லாம் ஒரு விஷயமா? மனசு வெச்சா ஆம்பளைங்கதான் கரெக்டா இருப்பாங்க."

"யாரு, நீங்களா?"

"நானேதான்."

"பந்தயமா?"

"பந்தயம்."

யார் முதலில் விரதத்தை முறிக்கிறார்களோ, அவர்தான் ஒரு வருடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை சமையல். வாங்குவது, கழுவுவது, ஆக்குவது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம் அதில் அடக்கம். பாத்திரத்தைச் சேர்த்தது எப்சி.

எனக்கு ஞாயிற்றுக்கிழமை எப்படிப்பட்டது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நான் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் செலக்‌ஷன் சூப்பர்வைசர். தோலைத் தடவி, மடித்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, இது ஏ கிரேடு, இது பி கிரேடு என்று பிரிப்பவன். ஆறு நாள் நின்றுகொண்டே வேலை. ஏழாம் நாள் சர்ச்சிலிருந்து வந்து படுத்தால், குழம்பு வாசனைதான் என்னை எழுப்ப வேண்டும். என் வாழ்க்கையில் மிச்சமிருக்கும் ஒரே சுகம் அந்தத் தூக்கம். அதைத்தான் பணயம் வைத்தேன்.

முதல் பாதி சிரமமில்லாமல் போனது. காரணம் என் மன உறுதி அல்ல. அதே சமயத்தில் ரம்ஜான் நோன்பும் வந்திருந்தது. கம்பெனியில் என் கூட்டாளிகள் அஸ்பாக்கும் சமீருல்லாவும் தண்ணீர்கூடக் குடிக்காமல் வேலை செய்யும்போது, கீரை சாதத்தைப் பற்றி நான் புலம்ப முடியுமா? அவர்கள் கண்ணில் படாமல் ஜெனரேட்டர் ரூம் பின்னால் போய் டப்பாவைத் திறப்பேன். அதை அவர்கள் கவனித்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது.

பெருநாள் வந்தது. கம்பெனிக்கு லீவு. மறுநாள் அஸ்பாக் போன் செய்தான்.

"ஜெயா, நாளைக்கு பழவேற்காடு போலாம். சமீருல்லா வண்டி எடுக்குறான். நண்டு, இறாலு, எல்லாம் கண்ணெதிர்லயே புடிச்சினு வர்றாங்களாம்."

"நான் விரதம்பா."

"நீ கடலப் பாரு."

எப்சியிடம் சொன்னேன்.

"கடல் பாக்கப் போறோம்."

"பாக்கவா?"

"பாக்கத்தான். கொஞ்சம் காத்து வாங்கினு வந்துடுறேன்."

"போய்ட்டு வாங்க. உங்களுக்கும் ஒரு மாறுதல் வேணுமில்ல."

அவள் சண்டை போடுவாள் என்று நான் விதவிதமாகப் பதில் தயாரித்து வைத்திருந்தேன். அத்தனையும் வீணாயிற்று. மறுநாள் விடிவதற்குள் எழுந்து லெமன் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் மூன்று பேருக்குக் கட்டிக் கொடுத்தாள்.

"அவங்க மீன் சாப்டுவாங்க எப்சி."

"இருக்கட்டும். உங்களப் பாத்து அவங்களும் மனசு மாறிட்டா?"

பழவேற்காட்டில் படகுகள் வந்து நின்றதும் கரையிலேயே ஏலம். எங்கள் ஊருக்கு வரும் மீன் ஐஸ் பெட்டியில் நாள் கணக்கில் பயணம் செய்து வருவது. அந்தக் களைப்பு அதன் முகத்திலேயே தெரியும். இங்கே ஒரு கொடுவா இன்னும் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. நான் தொழில் பழக்கத்தில் அதை எடுத்துத் தடவினேன். வெளிச்சத்தில் திருப்பினேன். வயிற்றுப் பக்கம் லேசாக மடித்தும் பார்த்தேன்.

"யோவ், அது மீனுய்யா, பொடவ இல்ல" என்றாள் விற்கிற அம்மாள். "வாங்குறியா, வெச்சிட்டுப் போறியா?"

"கோச்சுக்காதக்கா, அவரு நோன்பு" என்றான் சமீருல்லா. "தொட்டுப் பாக்குறதோட சரி."

கொடுவா, மடவை, இறால், கால் கட்டிய நண்டுகள் எல்லாம் வாங்கினோம். பக்கத்திலேயே கீற்றுக் கொட்டகையில் ஒரு அக்கா, வாங்கிக் கொடுப்பதை ஆக்கித் தருவார். ஆகிக்கொண்டிருந்தபோது வந்த வாசனையை நான் வர்ணிக்கப் போவதில்லை. எனக்கே இன்னொரு தடவை தாங்காது.

இலை போட்டார்கள். நண்டு மசாலா வந்தது. அப்போது அஸ்பாக் தொண்டையைச் செருமினான்.

"சமீரு, இது தப்பு. நம்ம நோன்புல இவன் ஜெனரேட்டர் ரூம் பின்னாடி போயி மறைஞ்சி சாப்ட்டான். இப்ப இவன் விரதம் இருக்கசொல்ல, எதிர்ல உக்காந்து நாம நண்டு கடிக்கிறதா? லெமன் சாதத்த எடு. மூணு பேரும் அதையே சாப்டுவோம்."

சமீருல்லா நண்டைப் பார்த்தான். கண் கலங்கியது. ஆனாலும் தலையாட்டினான்.

எனக்குப் பகீர் என்றது. அவர்கள் சாப்பிடுவார்கள், வற்புறுத்துவார்கள், நான் மறுத்து மறுத்துக் கடைசியில் ஒரு வாய் வைப்பேன் என்பதுதான் என் கணக்கு. இவ்வளவு நல்லவர்களாக இருப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"வாணாம் அஸ்பாக். நீங்க சாப்டுங்க."

"மனசு ஒப்பலப்பா."

"நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்."

"வாசன வருமே."

"எனக்குப் பரவால்ல."

"எங்களுக்கு பேஜாரா இருக்குது ஜெயா."

இப்படியே மாற்றி மாற்றிப் பெருந்தன்மையாக இருந்தோம். குழம்பில் ஆடை கட்டியது. கடைசியில் அந்த அக்கா கரண்டியோடு வந்து நின்றார்.

"மணி ரெண்டரை ஆவுது. நான் அடுப்ப அணைக்கணும். சாப்டுறீங்களா, நாய்க்குப் போடட்டா?"

"உங்களுக்காக ஒரே ஒரு துண்டு" என்று சொல்லி, நண்டின் கொடுக்கை எடுத்து உடைத்தேன்.

ஒரு துண்டிலேயே விரதம் முறிந்துவிடுகிறது. அதற்கு மேல் முறிய அதில் ஒன்றும் இல்லை. ஆகவே மீதியையும் சாப்பிட்டேன். நண்டின் சதை தித்தித்தது. மடவை வறுவல் முள்ளோடு மொறுமொறுத்தது. கொடுவா குழம்பை மூன்று முறை கேட்டு வாங்கினேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. லெமன் சாதத்தை அந்த அக்கா சாப்பிட்டு, உப்பு சரியாக இருப்பதாகச் சொன்னார்.

எலுமிச்சைத் துண்டை விரலெல்லாம் தேய்த்துக்கொண்டேன். வண்டியில் இருவரிடமும் சத்தியம் கேட்டேன். அஸ்பாக் யோசித்தான்.

"பொய் சொல்ல மாட்டேன். ஆனா யாரும் கேக்கலன்னா நானா சொல்ல மாட்டேன்."

வீட்டுக்கு வந்தேன்.

"கடல் எப்படி இருந்துச்சு?"

"பெருசா இருந்துச்சு."

"லெமன் சாதம்?"

"சமீருல்லா கையக் கழுவவே மனசில்லாம உக்காந்திருந்தான்."

"கீரை கடைஞ்சிருக்கேன், சாப்ட வாங்க."

"வாணாம் எப்சி. வயிறு ஃபுல்லா இருக்கு."

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். "சரி" என்றாள். அதற்கப்புறம் பாராட்ட ஆரம்பித்தாள். கடல் வரைக்கும் போய், சுற்றி எல்லோரும் நண்டு தின்னும்போது லெமன் சாதம் சாப்பிட்டு வந்திருக்கிறார் என்று அவள் அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். என் மகளை அழைத்து, அப்பாவைப் பார்த்துக் கற்றுக்கொள் என்றாள். நான் அடக்கமாக இருந்தேன்.

வியாழக்கிழமை சாயந்திரம் காபி கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"வர்ற ஞாயிறு ஆராதனையில நீங்க சாட்சி சொல்லணும்."

"எதுக்கு?"

"சோதனைய ஜெயிச்சீங்களே, அதுக்கு. வாலிபப் பசங்களுக்கு பிரயோஜனமா இருக்கும். அஞ்சு நிமிஷம் போதும்."

"பாஸ்டர் இன்னா சொன்னாரு?"

"அவருக்கு சந்தோஷமா இருக்காதா பின்ன? வெள்ளச் சட்டைய அயர்ன் பண்ணி வெச்சிட்டேன்."

சாட்சி என்றால் பலிபீடத்துக்கு முன்னால் மைக்கைப் பிடித்து, சபை முழுவதும் கேட்க, ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டும். வீட்டில் எப்சியிடம் பொய் சொல்வது எனக்குப் பழக்கம். பலிபீடத்துக்கு முன்னால் பழக்கமில்லை. நினைக்கவே பயமாக இருந்தது. பாத்ரூமில் நின்று ஒத்திகை பார்த்தேன். "அந்த நண்டு என்னைப் பார்த்தது" என்பதற்கு மேல் வரவில்லை.

சனிக்கிழமை சாயந்திரம் சமையல்கட்டுக்குப் போனேன். எப்சி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எப்சி, நான் நண்டு சாப்ட்டேன்."

"எத்தினி?"

"நண்டு மட்டும் இல்ல."

சொன்னேன். மடவை, இறால், கொடுவா எல்லாம் சொன்னேன். அவள் பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"தினமும் மூணாவது தடவ சோறு கேக்குற ஆளு. அன்னிக்கு வயிறு ஃபுல்லுன்னீங்க. என் லெமன் சாதத்துக்கு யாருக்கும் அப்பிடி வயிறு ரொம்பாது."

"பந்தயத்துல நான் தோத்துட்டேன். ஒத்துக்குறேன். பாஸ்டருக்கு போன் பண்ணி சாட்சி வாணாம்னு மட்டும் சொல்லிடு."

"அவருகிட்ட நான் இன்னும் பேசவே இல்லியே. உங்களக் கேட்டுட்டுப் பேசலாம்னு இருந்தேன்."

"அப்ப அந்த வெள்ளச் சட்ட?"

"ஞாயித்துக்கிழமைன்னா எப்பவும் அயர்ன் பண்றதுதானே."

ஈஸ்டர் வந்தது. ஆராதனை முடிந்து வந்து எல்லோரும் படுத்தார்கள். நான் படுக்கவில்லை. எப்சி நண்டு கேட்டிருந்தாள். பின்கட்டுக் குழாயடியில் உட்கார்ந்து கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு முனவ்வர் பேகம் வந்தார்.

"இன்னா தம்பி, நீங்க நண்டு கழுவுறீங்க?"

"பந்தயத்துல தோத்துட்டேன் ஆபா."

"ஓ, அதுவா? எப்சி சொன்னா. நீங்க கடலுக்குப் போன அன்னிக்கு எங்க வூட்ல விருந்தாளிங்க, பிரியாணி. அவளுக்கு விரதமாச்சேன்னு நான் சேமியாதான் குடுத்தேன். அவ கடியாரத்தப் பாத்தா. 'மணி ஒண்ணாவுது ஆபா, இந்நேரம் அவரு முறிச்சிருப்பாரு, பந்தயம் முடிஞ்சி போச்சு, பிரியாணியே போடுங்க'ன்னா. ரெண்டு தடவ போட்டுக்கினா, பாவம்."

மணி ஒன்று. நான் கொடுக்கை உடைத்தபோது மணி இரண்டரை. நண்டை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். எப்சி என் இடத்தில், என் தலையணையில் படுத்திருந்தாள்.

"நீ பிரியாணி சாப்ட்டியா?"

"ஆமா."

"நான் நண்டு சாப்ட்டது ரெண்டரைக்கு. நீ ஒரு மணிக்கே முறிச்சிட்ட. தோத்தது நீதான்."

"அப்பிடித்தான் போல இருக்கு."

"அப்ப அன்னிக்கே ஏன் சொல்லல?"

எப்சி மறுபக்கம் திரும்பிப் படுத்தாள்.

"என்னை யாரும் சாட்சி சொல்லக் கூப்பிடலியே."